அரைக்கால் அங்குல நன்றி

மதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மகளின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும், என் இடது கட்டைவிரல் ஒன்று நீங்கலாக, நலமாக இருக்கிறோம். அந்த விரலும் தேறி வருகிறது. தாங்களும் அத்தையும் எல்லா விரல்களோடும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மேலே 'மாமா' என்று எழுதியிருப்பதற்கு முதலில் பொறுத்தருள வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக நான்கு தாள்களைக் கிழித்தேன். 'ஐயா' என்று எழுதினால் வேலைக்கு விண்ணப்பம் போடுவது போல இருந்தது. 'அன்புள்ள' என்று தொடங்கினால், உங்களிடம் மொத்தமே ஏழு நிமிடம் பேசியவனுக்கு அந்த உரிமை உண்டா என்று சந்தேகம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த உங்கள் மகள், "மாமான்னு போடுங்க. பிடிக்கலைன்னா அவரே அடிச்சுக்கட்டும்" என்றாள். ஆகவே போட்டிருக்கிறேன். சம்மதம் இல்லையென்றால் அடித்துவிட்டு மீதியைப் படிக்கவும்.

மாமா, இந்தக் கடிதம் நன்றி சொல்வதற்காக எழுதப்படுகிறது. நடுவில் சில இடங்களில் புலம்பல் போலத் தெரிந்தால் அதையும் நன்றி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடங்களாக உங்கள் வீட்டிலிருந்து எங்களுக்கு எதுவும் வந்ததில்லை. உங்கள் மகள் மாதம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுவாள், நீங்கள் எடுப்பீர்கள், குரலைக் கேட்டதும் வைத்துவிடுவீர்கள், அந்த 'டக்' சத்தம் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. அதிலும் ஒரு ஆறுதல் கண்டுபிடித்து, "அப்பா இன்னும் தானே எழுந்து வந்து போன் எடுக்கிறார், முட்டிவலி இல்லை" என்பாள். அப்படியிருக்க, சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த நேரம், பார்சல்காரர் ஒரு பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். அனுப்புநர் இடத்தில் பெயர் இல்லை, உங்கள் தெருவும் கதவு எண்ணும் மட்டும் இருந்தன. பிரித்தால் ஒரு பழைய துண்டு, துண்டுக்குள் செய்தித்தாள், அதற்குள் இரும்பில் ஒரு சாமான். மரக் கைப்பிடி ஒன்று, நீளமாக இரண்டு கம்பிகள், எண்ண முடியாத அளவு திருகுகள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். என் கையில் புழங்கும் திருகுகள் எறும்பின் தலை அளவுதான் இருக்கும். ஆகையால் இது ஏதோ ஒரு மிதிவண்டியின் நடுப்பகுதி என்று முடிவு செய்து, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இந்த அவமரியாதைக்காகத் தனியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மாலையில் உங்கள் மகள் வந்தாள். அவள் வேலை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, ஒரு பெரிய நிறுவனத்தின் புகார் பிரிவில் தொலைபேசியில் பதில் சொல்கிறாள். ஒரு நாளைக்கு நூறு பேர் திட்டுவார்கள், நூறு பேருக்கும் ஒரே குரலில் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிவிட்டு வருவாள். வீட்டில் நான் பாலைப் பொங்கவிட்டாலும் அதே குரல்தான். அப்படிப்பட்டவள் மேசையைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாவோட காடி இழைப்புளி" என்றாள். மரத்தில் நேர்க்கோடாகப் பள்ளம் எடுக்கிற தச்சுக் கருவி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இதை அம்மாகூடத் தூசி தட்டக் கூடாது" என்றாள். பிறகு அழுதாள். பதினோரு நிமிடம் அழுதாள் மாமா, எதிரே கடிகாரம் இருந்ததால் சொல்கிறேன். ஆனால் சாமானை ஒரு விரலால்கூடத் தொடவில்லை.

உங்கள் சேதி எங்களுக்குப் புரிந்தது. நீங்கள் வாயால் சொல்கிற மனிதர் இல்லை, பொருளால் சொல்கிற மனிதர். பெண் கேட்டு நான் வந்த அன்று, "என்ன தொழில்?" என்று கேட்டீர்கள். லென்ஸ் வெட்டுகிறேன், சில சட்டங்களுக்கு லென்ஸின் விளிம்பில் மெல்லிய காடி எடுக்க வேண்டும், அதில் கொஞ்சம் பெயர் வாங்கியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "கண்ணாடியில காடியா?" என்று கேட்டுவிட்டுத் தச்சுப் பட்டறைக்குள் போனவர்தான், அப்புறம் நீங்கள் வெளியே வரவேயில்லை. அத்தைதான் காபி கொடுத்து வழியனுப்பினார். அந்தக் கேள்விக்கு மூன்று வருடம் கழித்துப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் கூடவே ஒரு தகர டப்பா இருந்தது, அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றி மூன்றே மூன்று பிளேடுகள் இருந்தன, மூன்றும் ஒல்லி. இந்தக் கருவிக்கு இருபதுக்குக் குறையாமல் பிளேடுகள் உண்டு, அகலமும் வளைவுமாக அழகழகாக இருக்கும் என்று உங்கள் மகள் சொல்கிறாள். அகலமானதை எவனும் மாட்டிவிடுவான், இவன் ஒல்லியானதை மாட்டட்டும் பார்க்கலாம் என்றுதானே அந்த மூன்றை மட்டும் எடுத்து வைத்தீர்கள்? அந்த நுட்பத்துக்கு என் நன்றி. சுற்றியிருந்த செய்தித்தாளில் பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் போட்டியும் இருந்தது. அதில் நீங்கள் நிரப்பியிருந்த 'பொறுமை', 'நண்டு' என்ற இரண்டு சொற்களையும் நாங்கள் ஒரு மாலை முழுவதும் ஆராய்ந்தோம். பொறுமை புரிந்துவிட்டது. நண்டு இன்னும் புரியவில்லை.

இழைப்புளி கையில் இருக்கிறது, காடி எடுக்க ஒரு காரணம் வேண்டுமே. அதற்கும் வெகுதூரம் போகவில்லை. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சமையலறையில் ஒரு இழுப்பறை உண்டு. அதன் அடிப்பலகை உளுத்துப்போய், ஒரு நாள் நான் இழுத்த இழுப்பில் கரண்டி, ஸ்பூன், கத்தரிக்கோல், ஒரு சின்னச் சுத்தியல் எல்லாம் என் வலது பாதத்தில் கொட்டின. புதிதாக ஒரு இழுப்பறை செய்வது, நான்கு பக்கப் பலகைகளிலும் காடி எடுத்து, அடிப்பலகையை அந்தக் காடிக்குள் செருகுவது என்று தீர்மானித்தோம். அடிப்பலகை மெல்லிய ஒட்டுப்பலகை. காடியின் அகலம் அரைக்கால் அங்குலம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதாவது டப்பாவில் இருப்பதிலேயே ஒல்லியான பிளேடு. இதையும் நீங்கள் முன்கூட்டியே யோசித்திருப்பீர்கள் என்று உங்கள் மகளிடம் சொன்னேன். "எங்க டிராயர் உடைஞ்சது அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். பெரிய தொழில்காரர்களுக்குத் தெரியும் என்றேன்.

முதலில் விரலை வெட்டிக்கொண்டேன். பிளேடின் முனை கூராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், இருந்தது. அரைக்கால் அங்குல அகலத்துக்குள் அவ்வளவு கோபத்தை எப்படித்தான் தீட்டி வைத்தீர்களோ.

கட்டுப் போட்டுக்கொண்டு மாடி முகப்பில் ஒரு பழைய மேசையைப் போட்டு, பலகையை இறுக்கி, வேலையைத் தொடங்கினேன். உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்கிறேன், ஆனாலும் நான் பட்ட பாடு புரிவதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இழைப்புளிக்கு மரத்தின்மேல் ஓடுகிற இரும்புக் கால்கள் இரண்டு. ஒன்று அசையாதது, மற்றது கம்பியில் நகர்வது. அகலமான பிளேடு என்றால் இரண்டு கால்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று தாங்கிக்கொள்ளும். அரைக்கால் அங்குலத்துக்கு இரண்டாவது கால் ஒளிய இடம் கிடையாது. இது எனக்குத் தெரியாததால் இரண்டு கால்களையும் நெருக்கி வைத்து, நடுவில் பிளேடைத் திணித்து, ஒரு மணி நேரம் தள்ளினேன். இரண்டு கால்களும் சேர்ந்து பிளேடைவிட அகலமாக இருந்ததால் காடிக்குள் எதுவும் இறங்கவில்லை. மரம் மட்டும் நன்றாகப் பளபளத்தது. உங்கள் மகள் வந்து விரலால் தடவிப் பார்த்து, "வழவழன்னு வந்திருக்கு. காடி எங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் உண்மை புரிந்து இரண்டாவது காலைக் கழற்றிவிட்டேன். அரைக்கால் பிளேடுக்கு ஒரு முழுக்கால் போதும் என்று நானே சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்த இரண்டாவது கால் சும்மா நிற்கவில்லை மாமா, பிளேடைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததும் அதுதான். அது போனதும் பிளேடு தன் இஷ்டத்துக்கு ஆடத் தொடங்கியது. நான் எடுத்த முதல் காடி மருத்துவர் போடும் கையெழுத்து மாதிரி வந்தது. இழைப்புளியின் உடம்பில் ஒரு திருகுத் துளை காலியாக இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். ஒல்லிப் பிளேடுக்கென்றே ஒரு சின்னக் கவ்வி அங்கே இருந்திருக்க வேண்டும், அது பார்சலில் இல்லை. உங்களைக் கேட்கலாமா என்றேன். உங்கள் மகள் வேண்டவே வேண்டாம் என்றாள். கேட்டால், அது இல்லாமல் சமாளிக்கத் தெரியாதவன் என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்களாம். யோசித்தபோது எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கவ்வியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தேர்வுத்தாளில் கடைசிக் கேள்வி அது.

அந்த உற்சாகத்தில் கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டேன். பிளேடு கழன்று, கம்பித் தடுப்புக்கு நடுவே புகுந்து, கீழே விழுந்தது.

கீழே இருப்பது வீட்டுக்காரம்மாவின் பட்டறை. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறார். ஐம்பது வயது இருக்கும், தனியாளாக அந்தப் பட்டறையை நடத்துகிறார், சத்தமும் தூசியும் ஆகாது. இழைக்கத் தொடங்கிய இரண்டு நாளில் எங்கள் கதவிடுக்கில் மூன்று சீட்டுகள் வந்திருந்தன. மூன்றாவதில் 'இறுதி' என்ற சொல்லும் இருந்தது. சுண்ணாம்புச் சாந்தில் வார்த்த தாடைகளை அவர் முற்றத்தில் வரிசையாகக் காயவைப்பது வழக்கம். நான் எட்டிப் பார்ப்பதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. கையில் ஒரு மேல்தாடையோடு வந்து நின்றார். இன்னும் இறுகாத அந்தத் தாடையில், முன்பல் ஒன்று இல்லாத இடத்தில், உங்கள் அரைக்கால் அங்குல பிளேடு நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று நினைத்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பார்சல், அழுகை, மூன்று வருடம், ஒற்றைக்கால், கவ்வி, கண்ணாடியில காடியா என்று நீங்கள் கேட்டது வரை. அவர் இழைப்புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "முழு செட்டுன்னா தானா உக்காந்துக்கும் தம்பி. ஒத்தைப் பல்லு வைக்கிறதுதான் பாடு. பக்கத்துல இருக்கிறதைப் பிடிச்சுக்க ஒரு கொக்கி இல்லாம அது நிக்காது." இதைச் சொல்லிவிட்டு இழைப்புளியை இடுப்பில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அங்கே நடந்ததை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும் மாமா. பல் அச்சு எடுக்கிற கிண்ணத்தில் இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து, அந்தக் காலித் துளையைச் சுற்றி அழுத்தி, பழக்க தோஷத்தில் இழைப்புளியைப் பார்த்து, "அசையாதீங்க, ரெண்டு நிமிஷம்தான்" என்றார். அது அசையவில்லை. அந்த அச்சிலிருந்து சாந்தில் ஒரு பிரதி எடுத்து, பிரதியின்மேல் மெழுகில் ஒரு சின்னக் கவ்வி வடித்தார். ஒரு முனை துளைக்கு, மறுமுனை பிளேடின் விலாவுக்கு. மெழுகை அச்சுமாவுக்குள் புதைத்துச் சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் பல்செட்டுக் கொக்கிக்கு ஊற்றுகிற உலோகத்தை ஊற்றினார். முதல் வார்ப்பில் காற்றுக்குமிழி விழுந்தது. இரண்டாவது பிளேடு நுழையாத அளவுக்கு இறுக்கமாகப் போனது. மூன்றாவது, வாயில் வைத்துக்கொண்டு சாப்பிடலாம் என்கிற அளவுக்கு மெருகோடு வந்தது. துளைக்குப் பொருந்துகிற திருகு சைக்கிள் கடையில் கிடைத்தது. கவ்வியில் பொடி எழுத்தில் '417 கீழ்' என்று பொறித்திருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, எண்ணும், மேல்தாடையா கீழ்த்தாடையா என்பதும் போடாமல் அவர் பட்டறையிலிருந்து எதுவும் வெளியே போகாது என்றார். ஆக, உங்கள் இழைப்புளி இப்போது அவருடைய நானூற்றுப் பதினேழாவது வாடிக்கையாளர்.

பிளேடை மாட்டியது நான். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். பிளேடு இரும்புக் காலைவிடச் சற்றே அகலம். அது காலின் இரண்டு பக்கமும் மயிரிழை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் உள்ளே போய்விட்டால், பிளேடு வெட்டிய காடியில் கால் இறங்காமல் சிக்கிக்கொள்ளும். அந்த ஒரு இடத்தில்தான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. லென்ஸின் தடிமன் பார்க்கிற அளவுகோலையும் பூதக்கண்ணாடியையும் கடையிலிருந்து எடுத்து வந்து, அரை நாள் உட்கார்ந்து, இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவு என்று வைத்து, கவ்வியை இறுக்கினேன். வீட்டுக்காரம்மா குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா கடிக்குது" என்றார். அவர் வாயால் அதற்குமேல் பாராட்டு வராதாம்.

ஆனால் காடி எடுத்தது நான் இல்லை மாமா. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கமும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல பலகையாக ஒன்றை இறுக்கி, என் பக்கத்து முனையில் இழைப்புளியை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். நாலு விரற்கடை போவதற்குள் சிம்பு சிம்பாகப் பிய்த்துக்கொண்டு நின்றது. மறுபடி தள்ளினேன், மறுபடி நின்றது. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் மகள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"இங்க இருந்து ஆரம்பிக்கக் கூடாது."

"பின்ன எங்க இருந்து?"

"அந்தக் கடைசில இருந்து. அப்பா முதல்ல அங்க ஒரு சாண் ஓட்டுவார். அப்புறம் கொஞ்சம் பின்னால வந்து ஓட்டுவார். சத்தம் சின்னதா ஆரம்பிச்சு நீளமாகிட்டே வரும். நான் அடுத்த ரூம்ல படிச்சிட்டு இருப்பேன். சத்தம் நல்லா நீளமாச்சுன்னா சாப்பிட வரப் போறார்னு அர்த்தம்."

"அப்ப நீயே பிடி" என்று நகர்ந்துகொண்டேன்.

"எனக்குத் தொட அனுமதி இல்ல."

"அவரேதானே அனுப்பியிருக்கார்" என்றேன்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், ஏற்கெனவே உலர்ந்துதான் இருந்தது. கைப்பிடியைப் பிடித்து, தூரத்து முனையில் வைத்து, ஒரு சாண் தள்ளினாள். குட்டையாக ஒரு சத்தம். பின்னால் வந்தாள், தள்ளினாள். அரைக்கால் அங்குல அகலத்தில் மரச்சுருள் ஒன்று எழும்பி, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, அவள் மணிக்கட்டின்மேல் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. சத்தம் நீளமாகிக்கொண்டே வந்து, கடைசியில் பலகையின் இந்த முனை முதல் அந்த முனை வரை ஒரே மூச்சாக ஓடியது. ஆழம் போதும் என்றதும் இழைப்புளி வெட்டுவதை விட்டுவிட்டு வெறுமனே வழுக்கியது. காடியில் என் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நான் லென்ஸில் எடுக்கும் காடிகளைப் பற்றி இனி வெளியே பெருமை பேசுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். உங்கள் மகள் அடுத்த பலகையைக் கேட்டாள். நான்கு பலகையும் முடிகிற வரை அந்தப் பேர்போன குரல் வெளியே வரவேயில்லை, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. சுதி சேரவில்லை, அது வேறு விஷயம்.

மகிழ்ச்சியில் ஒன்றைக் கவனிக்கவில்லை. இழுப்பறைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வேண்டும். மாதிரிக்கென்று நான் போட்டுவைத்திருந்த கோடுகளைப் பார்த்து அவள் எடுத்ததில் எங்களுக்கு இரண்டு இடப்பக்கங்கள் கிடைத்துவிட்டன. சேர்த்துப் பார்த்தபோது ஒரு காடி வீட்டைப் பார்த்தது, மற்றது வீதியைப் பார்த்தது. புதிதாக ஒரு வலப்பக்கம் செய்தோம். மிஞ்சிய இடப்பக்கம் வீணாகக் கூடாது என்று அதற்குத் துணையாக இன்னொரு வலப்பக்கமும் செய்தோம். இரண்டாவது இழுப்பறை கீழே வீட்டுக்காரம்மாவின் மேசைக்குப் போயிருக்கிறது. அதற்குள் இப்போது அளவு வாரியாகப் பற்கள் இருக்கின்றன. சீட்டுகள் வருவது நின்றுவிட்டது. எங்கள் இழுப்பறை சமையலறையில் சுகமாக இருக்கிறது. கரண்டிகளோடு அந்தச் சுத்தியலையும் போட்டு, பாதத்தை நீட்டிக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

ஆகவே மாமா, வாயால் சொல்ல முடியாததை இரும்பால் சொல்லி அனுப்பியதற்கு நன்றி. அகலமானவற்றை வைத்துக்கொண்டு ஒல்லியானவற்றை மட்டும் அனுப்பியதற்கு நன்றி. கவ்வியை அனுப்பாததற்கு எல்லாவற்றையும்விடப் பெரிய நன்றி. அதை அனுப்பியிருந்தால் வீட்டுக்காரம்மா எங்களுக்கு இன்னமும் வெறும் வீட்டுக்காரம்மாவாகவே இருந்திருப்பார், நானும் முதல் நாளே எப்படியோ காடி எடுத்து முடித்திருப்பேன், உங்கள் மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்திருப்பாள். நான் பெருந்தன்மை என்ற சொல்லை இதுவரை படித்ததோடு சரி, இப்போதுதான் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். இத்துடன் உங்கள் மகள் எடுத்த முதல் மரச்சுருளை ஒரு சின்ன உறையில் வைத்திருக்கிறேன், நொறுங்காமல் பிரிக்கவும்.

அத்தைக்கு எங்கள் இருவருடைய பணிவான வணக்கங்கள். அன்று கொடுத்த காபி நன்றாக இருந்தது என்று சொல்ல மறந்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். இருக்கும் இடத்திலிருந்தே எங்களை வாழ்த்த வேண்டுகிறோம், பட்டறையை விட்டு வெளியே வர வேண்டும் என்றுகூட இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
மாப்பிள்ளை
(இதையும் வேண்டாமென்றால் அடித்துக்கொள்ளலாம்.)

பி.கு.: உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். சற்று முன் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். "பார்சல் வந்துச்சா மாப்பிள்ளை?" என்று ஒரு குரல் கேட்டது. அத்தை. என்னை அப்படி ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, ஆகையால் அடுத்து அவர் சொன்னது காதில் ஏறக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பார்சலை அனுப்பியது அத்தை. மாமாவுக்குத் தெரியாது. மாமாவுக்கு ஒரு வருடமாகக் கண் சரியாகத் தெரியவில்லையாம், ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாராம். மருத்துவரிடம் வர மாட்டாராம், கண்ணாடி என்ற பேச்சை எடுத்தாலே, "கண்ணாடிக்காரன் வீட்டுச் சாமான் என் மூக்குல ஏறாது" என்கிறாராம். மரத்துக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு நாள் அந்த இழைப்புளியை ஓட்டப் போனதைப் பார்த்து, பயந்துபோன அத்தை, மாமா முடிவெட்டப் போயிருந்த நேரத்தில், கையில் கிடைத்த டப்பாவோடு அதை மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறார். சீட்டு எழுத நேரமில்லை. வீட்டுப் போனில் சொன்னால் மாமா காதில் விழும், பக்கத்து வீட்டுக்காரர்கள் இத்தனை நாள் ஊரில் இல்லை, அவர்கள் தொலைபேசியிலிருந்துதான் இப்போது பேசினார். அகலமான பிளேடுகள் வேறு டப்பாவாம். கவ்வி அலமாரிக்கு அடியில் எங்கேயோ கிடக்குமாம். குறுக்கெழுத்துப் போட்டி பக்கத்து வீட்டுக்காரருடையது. மாமா ஒரு மாதமாக இழைப்புளியைக் கையால் துழாவித் தேடுகிறார், காணவில்லை என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கண் தெரியவில்லை என்று ஆகிவிடுமே.

ஆக மேலே உள்ள நன்றி எதற்கும் ஆதாரம் இல்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். உங்கள் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிழிக்காதீங்க. அவரால இதைப் படிக்க முடியாது, அம்மாதான் படிச்சுக் காட்டணும். அவர் அனுப்பினதாவே இருக்கட்டும். நான் அனுப்பலைன்னு சொல்றதுக்காவது போனை எடுத்து என்கிட்ட பேசித்தானே ஆகணும்" என்றாள்.

எனவே அத்தை, படித்துக் காட்டுவது நீங்கள் என்பதால் இந்தப் பின்குறிப்பு உங்களுக்கு. கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'பெருந்தன்மை' என்ற இடம் வரும்போது கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கண் கண்ணாடியால் சரியாகுமா, புரை விழுந்திருக்கிறதா என்று நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும். கண் பரிசோதிக்கும் லென்ஸ் பெட்டியைத் துடைத்துத் தயாராக வைத்துவிட்டேன். சனிக்கிழமை முழுவதும் நாங்கள் எங்கேயும் போகப் போவதில்லை. தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருப்போம், திட்டுவதற்கென்றாலும் கூப்பிடச் சொல்லுங்கள். திட்டு வாங்குவது உங்கள் மகளுக்குப் பழகிய வேலை.